தெப்பக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

குளத்து வேலை முடிந்துவிட்டது. படித்துறையில் பெயர்ந்த கற்களைப் பதித்ததும் நீராழி மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததும் நீங்களே பார்த்தவை. வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. "போன தடவையும் சுத்தம் செய்தீர்களே, மறுபடி ஏன் பச்சை பிடித்தது?" என்று பலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இங்கே விவரமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தப்பு எங்களுடையது. பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டோம், சேற்றைத் தொடவில்லை. பாசிக்கான தீனி அந்தச் சேற்றில்தான் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வயலுக்குப் போடுகிறோமே, அதே தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). தழைச்சத்து குறைந்தால் நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது, அதனால் கடிவாளம் அதனிடம். கனடாவின் ஒன்டாரியோவில் 1973-ல் ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும், மறுபாதியில் அவற்றோடு மணிச்சத்தும் சேர்த்துப் பார்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. குழுவிலுள்ள ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் அந்த ஏரியின் படத்தைக் காட்டிய பிறகுதான் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடும் யோசனையைக் கைவிட்டோம். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், சரி. செத்த பாசி அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்னும், சத்தும் குளத்துக்குள்ளேயே தங்கிவிடும். மேட்டூர் அணைத் தேக்கத்திலேயே பச்சைப் படலமும் நாற்றமும் வருகிறது, நம் குளம் எம்மாத்திரம்!

போன கோடையில் மீன் செத்து மிதந்தபோது யாரோ விஷம் வைத்ததாக ஊரில் பேச்சு. காரணம் பாசிதான். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி, ராத்திரியில் தானும் அதைச் சுவாசித்துக் குறைத்துவிடும். விடியும் முன்தான் ரொம்பக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்ததைப் பால்காரர் அந்த நேரத்தில்தான் பார்த்திருக்கிறார்.

ஆகவே இந்த முறை அடிச்சேற்றை அள்ளினோம். நம் தாத்தாக்கள் கோடைதோறும் வண்டலை வயலுக்கு அடித்தார்களே, அதேதான். பரிசோதனை செய்துவிட்டு விவசாயிகளுக்கே கொடுத்தோம். வரத்துக்காலில் விழுந்த சோப்புத் தண்ணீர்க் குழாய்கள் இரண்டில் ஒன்றைத் திருப்பிவிட்டாயிற்று. அடியைக் கிளறிச் சேற்றைக் கலக்கும் ஜிலேபிக் கெண்டையைக் குறைத்து, விரால் குஞ்சு விட்டிருக்கிறோம். விரால் சிறுமீனைத் தின்னும். பாசியை மேயும் நுண்ணுயிர்களைச் சிறுமீன் தின்னும்; சிறுமீன் குறைந்தால் அவை பெருகும்.

மனக்கசப்பு வந்தது பொரி விஷயத்தில்தான். மீனுக்குப் போடும் பொரி புண்ணியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மீன் தின்னாமல் ஊறி அமிழும் பொரியும் உரம்தான். இனி கிழக்குப் படித்துறையில் மட்டும், காலையில் ஒரு வேளை மட்டும் போடலாம். பொரிக்கடை அம்மாவுக்கு வருத்தம் இருக்கிறது. அவருக்குப் பூக்கடை இடம் கேட்டிருக்கிறோம்.

தண்ணீர் கண்ணாடி போல இல்லை. இருக்கவும் வேண்டாம், கொஞ்சம் பாசி இல்லாவிட்டால் மீனுக்குச் சாப்பாடு ஏது? இப்போது நீருக்குள் மூன்றாவது படி வரை தெரிகிறது. தெரியாமல் போனால் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மீதியுள்ள பணம் அந்த இரண்டாவது குழாய்க்காக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழாய் வரும் வீட்டின் சொந்தக்காரர் தை பிறந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்