மரத்தில் இருப்பதெல்லாம் ஒட்டுண்ணியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் மாமரத்துக் குருவிச்சையையும், அதே மரத்தில் கட்டி வளர்க்கும் ஓர்க்கிட்டையும் 'ஒட்டுண்ணித் தாவரங்கள்' என்று ஒரே வரியில் எழுதி, இரண்டையும் அகற்றச் சொல்லியிருந்தீர்கள். ஒட்டுண்ணி என்ற சொல்லில் ஒட்டுதல் பாதி, உண்ணுதல் பாதி. மரத்தில் ஒட்டியிருந்தும் அதன் சாற்றை உண்ணாத செடிக்கு அந்த அடைமொழி பொருந்தாது.

ஓர்க்கிட்டுக்கு மரம் வெறும் பிடிமானம். அதன் தடித்த வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். இத்தகையவற்றை மேலொட்டி என்பதே சரி. வெற்றிலைக்கொடி அதுவுமல்ல, வெறும் ஏறுகொடி. அதற்கு நீர் தரும் வேர் நிலத்தில்தான் இருக்கிறது.

குருவிச்சை உண்மையில் உண்பது. அதன் உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்து மரத்தின் நீர்க்குழாய்கள் வரை போகும். பச்சை இலை இருப்பதால் மாப்பொருளைத் தானே ஆக்கிக்கொள்ளும். நீரும் உப்பும் மாமரத்தின் செலவு. ஆகவே அது அரை ஒட்டுண்ணி. ஐயம் வந்தால் பிடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஓர்க்கிட் வேரை நகத்தால் நெம்பலாம், பட்டைக்குக் காயம் வராது. குருவிச்சை பிடித்த கிளை முடிச்சுப்போல வீங்கியிருக்கும்.

பலர் குருவிச்சையின் தண்டை மட்டும் கத்தியால் சீவிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முடிச்சுக்குள் இருக்கும் வேர் மறுபடி துளிர்க்கும். கிளையோடு ஊர்ந்து போகும் வேர்களும் அங்கங்கே புதிதாகப் பிடிக்கும். முடிச்சிலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளிக் கிளையையே அறுக்க வேண்டும், அதுவும் பழம் பழுக்கும் முன்னர். விதையைச் சுற்றியுள்ள பசையால் குருவிகள் அதை அடுத்த கிளையில் ஒட்டிவிடும். அறுத்த வாய்க்கு 100 கிராம் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று), 100 கிராம் சுண்ணாம்பு, 1 லீற்றர் தண்ணீர் என்ற அளவில், பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும் போர்டோ பசை பூசுங்கள். துத்தத்தையும் சுண்ணாம்பையும் வெவ்வேறு பிளாஸ்ரிக் வாளியில் கரைத்த பின்பே கலக்க வேண்டும்; இரும்புப் பாத்திரம் கூடாது.

பனையில் முளைக்கும் ஆலமரத்தையும் ஒட்டுண்ணி என்கிறார்கள். அது பனையின் சாற்றைத் தொடுவதில்லை. ஆனால் வேர் நிலத்தை எட்டிவிட்டால் தழைத்து, பனையின் வட்டுக்கு, அதாவது உச்சி ஓலைக்கொத்துக்கு, வெயில் படாமல் மறைத்துவிடும். அதனால் கன்றாக இருக்கும்போதே பிடுங்குவதுதான் நல்லது.

நிலத்தில் தனித்து நிற்கும் சந்தனமோ உண்மையான அரை ஒட்டுண்ணி! மண்ணுக்குள் அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து உறிஞ்சுகிறது. கன்றைத் தனியே நட்டால் மஞ்சளித்துத் தேங்கிவிடும். பக்கத்தில் துவரையை நட்டு வையுங்கள்.

ஓர்க்கிட்டைப் பற்றிய வரியை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்தவர்கள் கத்தி எடுக்கும் முன் அது அவர்கள் கைக்குச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
கோப்பாய்.