கிரீன்ஸ்டெட் மரச்சுவரின் வயது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே தினச் சிறப்பிதழில் இங்கிலாந்தின் டோல்பட்டில் ஊர்ப் பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சங்கம் வைத்துச் சத்தியம் செய்த குற்றத்துக்காக 1834-இல் ஆறு பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய கதையை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி: அவர்களில் ஒருவருக்குத் திருமணம் நடந்த கிரீன்ஸ்டெட் தேவாலயம் கி.பி. 845-இல் கட்டப்பட்டது என்று. அந்த வருடம் சரியில்லை.

நாற்பது வருடம் மரக்கடை வைத்துப் பிழைத்தவன் நான். மகள் குடும்பம் இங்கிலாந்தின் எசெக்ஸ் பக்கம் இருப்பதால் போன கோடையில் அந்தக் கோயிலுக்குப் போய் ஒரு பகல் முழுக்க அதன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். சிப்பிங் ஆங்கர் என்ற சிற்றூரிலிருந்து மேற்கே ஒரு மைல் நடை. இன்றும் ஆங்கிலிக்கன் சபையின் சாதாரணப் பங்குக் கோயில்தான் அது.

நடுக்கூடத்தின் சுவர் முழுக்க ஓக் மரம். அடிமரத்தை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, உருண்டை முகம் வெளியே, தட்டை முகம் உள்ளே பார்க்கும்படி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தட்டை முகத்தில் வாச்சியால் செதுக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் காடி வெட்டி, இரண்டு மரத்துக்கும் நடுவே மெல்லிய ஓக் சட்டத்தைச் செருகியிருப்பதுதான் வேலைப்பாட்டின் சூட்சுமம். காற்றும் மழையும் உள்ளே வராது. அப்படி 51 பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன.

இனி வயதுக்கு வருகிறேன். 1960-ஐ ஒட்டி நடந்த ஆய்வுதான் 845 என்று கணக்குச் சொன்னது. அப்புறம் 1990-களில், வருடத்துக்கு ஒன்றாக வளரும் மர வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, கடைசியாகக் கிடைத்த வளையம் 1053-ஆம் வருடத்தது என்று தெரிந்தது. அதற்காக 1053-இல் வெட்டிய மரம் என்று சொல்லிவிட முடியாது. அளக்கக் கிடைத்தது வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி மட்டும். அதற்கு வெளியே, பட்டைக்கு உள்ளே இருந்த வெளிர் பகுதியான வெள்ளை போய்விட்டது. எங்கள் கடையில் தேக்குக்கும் அதே கதைதான், வெள்ளையை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள், பூச்சி அரிக்கும். அந்த ஊர் ஓக்கில் வெள்ளை 10 முதல் 55 வளையம் வரை இருக்குமாம். கூட்டிப் பாருங்கள், மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் இடையில் என்று வரும். 1066-இல் நார்மன்கள், அதுவரை ஆண்ட சாக்சன்களிடமிருந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆக, சாக்சன் கோயில் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சுவர், நார்மன் ஆட்சியில் எழும்பியதாகவே கூட இருக்கலாம்!

இதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. நார்வேயின் பேர்பெற்ற ஊர்னெஸ் மரக்கோயிலே 1130-ஐ ஒட்டித்தான் எழுந்தது. உலகில் நிற்கும் மரத் தேவாலயங்களில் மிகப் பழையது கிரீன்ஸ்டெட் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஜப்பானின் ஹோர்யூஜி இன்னும் மூத்த மரக் கட்டடம், ஆனால் அது புத்தக் கோயில். தவிர, கிரீன்ஸ்டெட்டில் பலிபீடப் பகுதியைத் தோண்டியபோது, இதைவிடப் பல நூற்றாண்டு பழைய மரக் கட்டடங்கள் நின்ற தடமும் கிடைத்திருக்கிறது.

முழுக் கட்டடத்துக்கும் ஒரே வயது என்று எண்ணுவதும் தவறு. பலிபீடப் பகுதி 1500-ஐ ஒட்டிய டியூடர் காலத்துச் செங்கல். மேற்கே வெள்ளைப் பலகை அடித்த மணிக்கூண்டு அதற்கும் பிந்தியது. அதில் 1618 என்று பொறித்த மணி ஒன்று இருக்கிறது. சுவரில் ஒரு சிறு துளையைக் காட்டி, குஷ்டரோகிகள் வெளியே நின்று பூசை பார்த்த இடம் என்பார்கள். அது தீர்த்தத் தொட்டிக்கான மாடம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1848-49-இல் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. மரங்களின் அடி இற்றுப்போயிருந்ததால், அழுகிய பாகத்தை வெட்டிவிட்டு, குட்டையான செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கூரையும் அதன் சன்னல்களும் அப்போது மாறியவை. வெட்டியது சரியா என்று பிற்காலத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு. வெட்டாமல் விட்டிருந்தால் சுவரே மிஞ்சியிருக்காது என்பேன்.

டோல்பட்டில்காரர்களுக்கு 1836-இல் மன்னிப்புக் கிடைத்தது. ஊர் திரும்பியவர்களில் ஐந்து பேர், மக்கள் திரட்டிய நிதியில், எசெக்ஸில் நிலம் குத்தகைக்கு எடுத்தார்கள். ஜேம்ஸ் பிரைன் தன்னோடு தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் இந்தக் கோயிலில் மணந்தார். சில வருடங்களில் எல்லோரும் கனடாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். ஆகவே கட்டுரையோடு நீங்கள் போட்டிருக்கும் படத்தில் மரங்களுக்குக் கீழே தெரிகிற செங்கல் வரிசையை, மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்திருக்க முடியாது. அடுத்த இதழில் 845-ஐத் திருத்தும்போது, படத்தின் கீழே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மரக்கடைக்காரர்,
செங்கோட்டை