மாட்டுக்கு முன் புல்லைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் வட்டார அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாடு வளர்க்க எங்களுக்கு உதவிய உங்களுக்கு எழுதும் இந்த நன்றி மடல் மாட்டுப் பொங்கலுக்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

"மாடு எங்கயும் ஓடிடாது, மொதல்ல புல்லை நடுங்க" என்று நேப்பியர் தீவனப் புல்லின் கரணைகளை (நடுவதற்கான தண்டுத் துண்டுகளை) லோரியில் அனுப்பிவைத்த அண்ணனுக்கே முதல் நன்றி. மூன்று மாதம் முற்றிய தண்டு. கரணைக்கு மூன்று கணு, அதில் இரண்டு மண்ணுக்குள் சாய்வாக. வரிசைக்கு வரிசை 1 மீட்டர், தூருக்குத் தூர் அரை மீட்டர். முதல் வெட்டுக்கு 75 நாளாவது பொறுக்கச் சொன்னீர்கள். வேர் பிடிக்காத தூரை வெட்டினால் அடுத்த துளிர் நூலாகத்தான் வரும். பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. 60 தாண்டினால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கும்.

எத்தனை மாடு என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கால்நடை இலாகா அதிகாரிக்கு நன்றி. 300 கிலோ மாட்டுக்கு நாளுக்கு ஏறத்தாழ 7.5 கிலோ உலர்தீனி (தண்ணீரைக் கழித்த தீனி) வேண்டும். பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அப்படியென்றால் ஒரு மாட்டுக்கு வெட்ட வேண்டியது 40 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் மாடு வாங்குவதுதான் இந்தத் தொழிலில் பெரிய தவறு.

மின்வேலி போட்டுக் கொடுத்த தம்பிகளே, கம்பியை மாட்டின் மூக்கு உயரத்திலும், கன்றுக்காக 50 செ.மீ.யில் இன்னொன்றும் கட்டினீர்கள். அதைவிடப் பெரிய உதவி எர்த் கம்பியை மண்ணில் இறக்கும் விஷயத்தில் நீங்கள் காட்டிய பிடிவாதம். வேலியில் ஷாக் குறைந்தால் எல்லாரும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியைத்தான் சந்தேகிப்பார்கள்; குறை பெரும்பாலும் எர்த் கம்பி நிற்கும் காய்ந்த மண்ணில் இருக்கும். 2 மீட்டர் நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி மூன்றை, 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் வற்றாத பாரிட் (வடிகால்) ஓரமாக இறக்கினீர்கள். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலும் மின்சாரம் கசியும் என்பதால் வாரா வாரம் அடிப்புல்லைச் செதுக்குகிறோம்.

லயத்துத் தாத்தா, "புல்லு முழங்கால் உசரத்துல இருக்கப்ப மாட்டை விடு, கணுக்கால் உசரத்துல வெளிய ஓட்டு, ஒரே இடத்துல மூணு நாளுக்கு மேல வேணாம்" என்றீர்கள். நாலாம் நாள் மாடு கடிப்பது புதுத் துளிரை. அது போனால் வேரும் இளைத்துவிடும்.

உண்ணிச்செடியைப் பூ வைக்கும் முன்பே வேரோடு பிடுங்கிப் போட்ட அக்காமாருக்கு மனமார்ந்த நன்றி. மாடு அதைத் தின்றால் ஈரலைக் கெடுக்கும். பிறகு வெயில் பட்டாலே மாட்டின் வெள்ளைத் தோல் வெந்து உரியும். செம்பனைக் காட்டில் களைமருந்து அடிக்கும் முன் தவறாமல் சொல்லி அனுப்பும் மண்டோர் (மேற்பார்வையாளர்) அண்ணனுக்கும் எங்கள் மாடுகள் கடன்பட்டிருக்கின்றன.

நேப்பியர் இப்போது கரணை எடுக்கும் பதத்தில் நிற்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாராங் கத்தியோடு காலையில் வாருங்கள். காசு வேண்டாம். வெட்டிய கரணையை நிழலில் வைத்து, இரண்டு நாளுக்குள் நட்டுவிடுங்கள்.