மோட்டார நம்பாத பிரேக்

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. நல்லா இருக்கியா, தங்கச்சிக்கு முட்டுவலி இப்ப பரவாயில்லையா? இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப தானா ஊசில நூல் கோக்குது. வாடை காத்து ஆரம்பிச்சாச்சு, வடகடல்ல அலை தூக்குது, தென்கடல் பரவாயில்ல. மழை நல்லா பேஞ்சதுல நம்ம கண்மாய் நெறஞ்சு கெடக்கு.

நீ கேட்டுருந்தியே, நாம செய்யுற குட்டி நீர்மூழ்கிப் படகுக்கு அவசர பிரேக் என்ன பண்ணிருக்கேன்னு. அதப் பத்திதான் பல மாசமா எனக்கு ஓடிட்டு இருக்கு. போன தை மாசம் நடந்தத ஃபோன்ல உன்கிட்ட முழுசா சொல்லல. மடைக்குப் பக்கத்துல ஆழமான எடத்துல ரெண்டு ஆள் உசரத்துக்குத் தண்ணி, நான் மட்டும் உள்ள, மேல வத்தையில, அதான் சின்னப் படகுல, தம்பி கயிறு பிடிச்சுட்டு இருந்தான். நடக்குற வேகந்தான் போச்சு. கலங்கல் தண்ணில ஒரு ரெண்டு மீட்டருக்கு மேல ஒண்ணும் தெரியல, திடீர்னு கண்ணாடிக்கு முன்னால சீமைக்கருவேல மரம் ஒண்ணு, தண்ணிக்குள்ள மூழ்கி நிக்குது. ரிவர்ஸ் போட்டேன். ஃபியூஸ் போயிருச்சு. மோட்டார் செத்துப்போச்சு, படகு நிக்கல, அப்படியே போய் கிளைக்குள்ள சொருகிக்கிச்சு. தம்பி கயித்த இழுத்துதான் வெளிய வந்தோம். ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்ல.

ஃபியூஸ் ஏன் போச்சுன்னு அப்புறந்தான் புரிஞ்சுது. முன்னால சுத்திட்டு இருக்குற டிசி மோட்டார்ல சட்டுனு வயர மாத்தி விட்டா, அது உண்டாக்குற எதிர்மின்சாரமும் பேட்டரியும் ஒண்ணா சேந்து தள்ளுது, கரண்டு பல மடங்கு ஏறிடும். முதல்ல ஆஃப் பண்ணி, ஒரு ரெண்டு வினாடி விட்டுட்டுத்தான் ரிவர்ஸ் போடணும். பயத்துல இருக்குறவன் ரெண்டு வினாடி பொறுப்பானா? அதனால சுவிட்சே அந்த இடைவெளிய விடுற மாதிரி ஒரு டைமர் வச்சிருக்கேன்.

ஆனா ரிவர்ஸ் சரியா வேலை செஞ்சாலும் கணக்கு பயமாத்தான் இருக்கு மாப்ள. நம்ம படகு எடை 1500 கிலோ, கூடவே ஒட்டிட்டு வர்ற தண்ணியையும் சேத்துக்கணும், சுமார் 1800னு வச்சுக்க. ப்ரொபெல்லர் இறக்கை முன்னால தள்ளத்தான் வளச்சிருக்கு, பின்னால இழுக்குறப்ப வலு கொறையும், ஒரு 15 கிலோ விசைதான்னு வச்சா, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல வர்றது நிக்க 6 மீட்டர் வேணும். வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்கு. கண்ணுக்குத் தெரியிறதே ரெண்டு மீட்டர்!

நிறுத்துறதுக்குப் படகோட பக்கத்துல தகடு விரிக்கலாம்னு நீ சொன்ன ஐடியாவ நான் விடல. ரெண்டு பக்கமும் சேத்து அரை சதுர மீட்டர் தகடு விரிஞ்சா வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல 30 கிலோ அளவுக்கு இழுக்கும், நல்லாத்தான் இருக்கு. ஆனா வேகம் பாதியானா இழுவை கால்வாசி ஆயிரும், அதனால கடைசி அடில அது கைவிட்டுரும். ஒரு பக்கம் முந்தித் தொறந்தா படகு அந்தப் பக்கம் திரும்பிரும், ரெண்டும் ஒரே லிவர்ல இருக்கணும். பாராசூட் மாதிரி துணி விடுற ஐடியா எனக்குப் பிடிக்கல, கயிறு ப்ரொபெல்லர்ல சுத்துனா அதோட கதை முடிஞ்சுது. கடல்ல இன்னொண்ணு, தண்ணிக்குள்ள நின்னுட்டேன்னு நீ நெனச்சாலும் நீவாடு, அதான் கடல் நீரோட்டம், உன்னத் தள்ளிட்டுத்தான் இருக்கும், தரைய பிடிக்கணும்னா நங்கூரந்தான்.

எனக்கு இப்ப முன்னால போறத விட கீழ போறத நிறுத்துறதுதான் பெரிய கவலை. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் மேல இருக்குற காத்தழுத்தம் அளவுக்கு அழுத்தம் கூடும்னு உனக்குத் தெரியும், படக மிதக்க வைக்கிற அடி தொறந்த டேங்க்ல இருக்குற காத்து சுருங்கிட்டே போகும், சுருங்க சுருங்க படகு இன்னும் கனமாகும், இன்னும் வேகமா எறங்கும். டேங்க்குக்குள்ள காத்து அடிச்சு மேல வரலாம்னு மட்டும் நம்பக்கூடாது. 1963-ல அமெரிக்காவோட த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேரோட போச்சே, அதுல காத்துக் குழாய்ல இருந்த ஈரம் ஐஸா உறைஞ்சு அடைச்சுக்கிட்டதும் ஒரு காரணமா சொல்றாங்க.

இதுக்கு வழி எங்க தாத்தாகிட்டயே இருந்துச்சு. அந்தக் காலத்துல முத்துக்குளிச்ச ஆளுக கல்ல மிதிச்சுட்டு எறங்குவாங்க, அடில போனதும் கல்ல விட்டுருவாங்க, அத மேல இருக்குறவன் இழுத்துக்குவான். கனத்த விட்டாத்தானே மேல வரலாம். 1775-ல அமெரிக்காக்காரர் புஷ்னெல் செஞ்ச டர்ட்டில்ங்கிற நீர்மூழ்கியிலயும் 90 கிலோ ஈயத்த உள்ள இருந்தே கீழ விடலாம். 1960-ல ட்ரியெஸ்ட்ங்கிற ஆழ்கடல் படகு கடலோட ஆழமான எடத்துக்குப் போனப்ப, இரும்புக் குண்டுகள மின்காந்தத்தால பிடிச்சு வச்சிருந்தாங்க. கரண்டு போனா குண்டு தானா கொட்டிரும். எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாரு! எதுவும் வேலை செய்யாட்டியும் மேல வரும்.

நான் அடில 60 கிலோ ஈயம் கட்டிருக்கேன், உள்ள ஒரே லிவர், கரண்டே கெடையாது. பட்டறையில படகச் சாய்ச்சு வச்சு நாப்பது தடவ விட்டுப் பாத்தேன், சாய்வு அதிகமானா கொக்கி ரெண்டு தடவ மாட்டிக்கிச்சு. அத இழைச்சு சரி பண்ணிருக்கேன், இன்னும் நூறு தடவ பாக்கணும்.

ஒண்ணு மறந்துராத, கண்மாய்ல சரியா மிதக்குறது கடல்ல அப்படியே மிதக்காது, உப்புத்தண்ணி கனம், நம்ம படகுக்கு 37 கிலோ கூடுதலா ஏத்தணும். அதுக்கப்புறம்தான் ஈயத்தோட கணக்கு. கடலோரக் காவல் படைகிட்ட சொல்லாம எறக்கவும் முடியாது, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவோட தீவுப் பக்கம் தலையும் வைக்கக்கூடாது. ஏப்ரல் 15-ல இருந்து ரெண்டு மாசம் விசைப்படகுத் தடைக்காலம், அப்ப கூட்டம் கொறைவு, கேட்டுப் பாக்கலாம்.

லீவு எப்ப போடுற? தைக்குள்ள வந்தா கண்மாய்ல தண்ணி இருக்கும். வர்றப்ப அந்த 40 மில்லிமீட்டர் ஷாஃப்ட் சீல் ரெண்டு வாங்கிட்டு வா, இங்க கெடைக்கிறது ஒழுகுது. உள்ள நான் ஒக்காந்து லிவர இழுக்குறப்ப மேல கயிறு நீ பிடிக்கணும், தம்பிக்குப் பழக்கம் பத்தல.

உன்,
மச்சான்