60 மடங்கு எதற்கு, நண்பா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்தது நிம்மதி. மகளுக்கு வேலை கிடைத்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு ஓய்வு கிடைத்தபிறகுதான் நேரமே போதவில்லை. அதை வேலையில் இருக்கும் யாரிடமும் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சின்னத் துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டை விட்டுவிட்டு, நெடுந்தூர ரைபிள் போட்டியான எஃப் கிளாஸின் எஃப்-டி.ஆர் பிரிவுப் பக்கம் வரப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவு. முன்சைட் வளையம் மங்கத் தொடங்கிய கண்ணோடு எத்தனை வருடம்தான் மல்லுக்கட்டுவது? இந்தப் போட்டி பிறந்ததே அப்படித்தானே. கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்வார்சன், வயதான பின்பும் சுட வேண்டும், ஆனால் பழைய சைட்டும் தோள்வாரும் ஒத்துவரவில்லை என்று, ரைபிள்மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பையும் தாங்கியையும் கொண்டுவந்தார். எஃப் கிளாஸில் உள்ள அந்த எஃப் அவர் பெயரின் முதலெழுத்து. நீயும் நானும் சேர வேண்டிய கூட்டம்தான் அது.

ஆனால் கடிதத்தின் கடைசியில் ஸ்கோப் பற்றி ஒரு வரி இருந்தது பார், “60 மடங்குக்குக் குறைவாக எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்” என்று. அதைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். 60 மடங்கு தப்பில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஸ்கோப் வாங்காதே.

முதலில் கண்ணாடி என்ன காட்டும் என்று பார். 56 மில்லிமீட்டர் முன்லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் 2 ஆர்க் வினாடி (1 டிகிரியில் 60 ஆர்க் நிமிடம், 1 நிமிடத்தில் 60 வினாடி). 1000 மீட்டரில் அது 1 சென்டிமீட்டர். நல்ல கண் தானாகப் பிரித்தறிவது ஏறக்குறைய 1 ஆர்க் நிமிடம், அதாவது 60 வினாடி. ஆக, சுமார் 30 மடங்கிலேயே அந்த லென்ஸ் தன்னிடம் இருப்பதை எல்லாம் கண்ணுக்குக் கொடுத்துவிடுகிறது. 40 மடங்கு வரை போனால் கண்ணுக்குக் கொஞ்சம் சுகம். அதற்கு மேல் படம் பெரிதாகும், புது விவரம் எதுவும் வராது. அதுவும் காற்று அசையாமல் நின்றால்தான். தோட்டா விழுந்த துளையைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால், 1000 கெஜத்தில் உன் 308 காலிபர் தோட்டாவின் துளை 8 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் குறி அட்டைக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவர்கள் குறி வைத்துக் காட்டுகிறார்கள், உனக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது உன் கண். முன்லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால், ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 56 மி.மீ. லென்ஸில் 25 மடங்குக்கு 2.2 மி.மீ., 40 மடங்குக்கு 1.4. அதே லென்ஸை 60-க்குத் திருகினால் 1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. படம் மங்குவது ஒரு பக்கம். கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலே படம் கறுத்து மறைவது இன்னொரு பக்கம். நம் வயதுக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு: அவ்வளவு மெல்லிய கற்றையில் கண்ணுக்குள் மிதக்கும் நூலும் புள்ளியும் எல்லாம் தெளிவாகத் தெரியும். குறியின் மேல் ஒரு புழு ஊர்வதுபோல் இருக்கும், சிரிக்காதே.

அப்புறம் கானல். வெயில் ஏறிய தரையில் 1000 கெஜம் தாண்டிப் பார்க்கும்போது, நடுவில் இருக்கும் காற்று முழுவதும் நெளிகிறது. ஸ்கோப் குறியை மட்டும் பெரிதாக்குவதில்லை, அந்த நெளிவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. காலையில் 50 மடங்கில் கறுப்பு வட்டம் கூர்மையாக நிற்கும்; நண்பகலில் அதே மடங்கில் அது கொதிக்கும். அப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: 25-க்கு இறக்கிவிட்டு, நெளியும் வட்டத்தின் நடுவை மனத்தால் பிடித்துச் சுடுவது. அதனால் நீ கேட்க வேண்டியது “மேல் மடங்கு எவ்வளவு” என்பதல்ல, “கீழே எவ்வளவு வரை இறங்கும்” என்பது. 10 முதல் 50 வரை, 12 முதல் 42 வரை, 15 முதல் 55 வரை என்று வருவனவெல்லாம் இந்த விஷயத்தில் பிரச்சினை தராது. மடங்கு மாற்ற முடியாத 40 மடங்கு ஸ்கோப்பும் உண்டு. எடை குறைவு, உள்ளே ஆடும் பாகம் குறைவு. எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு, ஆனால் வெயில் நாளில் அதோடு மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கானலை வெறும் தொல்லையாகவும் பார்க்காதே. அது ஓடும் திசை காற்றின் திசை. நேராக மேலே கொதித்தால் பக்கக் காற்று செத்திருக்கிறது, திசை மாறப் போகிறது என்று பொருள். மெதுவாகச் சாய்ந்தால் லேசான காற்று. படுத்து ஓடினால் வலுத்துவிட்டது. உன் பீப் சைட்டில் இது எதுவும் தெரியாது, பக்கத்தில் ஒரு தொலைநோக்கி வேண்டும். இனி சுடும் கண்ணே இதையும் பார்க்கும். அதோடு, குறைந்த மடங்கில் வைத்தால் பக்கத்துக் குறிகளும் ஒன்றிரண்டு கொடிகளும் உள்ளே வரும். மிகை மடங்கில் வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் பக்கத்துக்காரன் அட்டையில் பத்து போடுவது எல்லாப் போட்டியிலும் நடக்கிற கூத்து.

ஒரு கணக்கு சொல்கிறேன். 308-க்கு 1000 கெஜத்தில், மணிக்கு 1 மைல் பக்கக் காற்று தோட்டாவைச் சுமார் 1 எம்.ஓ.ஏ. (அதே ஆர்க் நிமிடம்தான்), அதாவது ஏறக்குறைய 10 அங்குலம் தள்ளும். எஃப் கிளாஸ் அட்டையில் பத்து வளையத்தின் விட்டமே 10 அங்குலம். நடுவில் குறிவைத்து அரை மைல் தப்பாகக் கணித்தால் நீ வளையத்தின் விளிம்பில் நிற்கிறாய். 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் இதில் எங்கே வருகிறது? பால்மா என்ற நெடுந்தூரப் போட்டியில் இன்றும் 800, 900, 1000 கெஜங்களுக்கு ஸ்கோப் இல்லாமல் பீப் சைட்டில்தானே சுடுகிறார்கள். 1874-இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் அதே மூன்று தூரங்களில் மோதி 934-க்கு 931 என்று முடிந்ததே, அங்கே யாரிடம் ஸ்கோப் இருந்தது?

சரி, அப்படியானால் காசை எதில் போடுவது? கிளிக்கில் போடு. குறியை மேலும் கீழும் நகர்த்தும் திருகான டரட்டை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பினால் சொன்ன அளவு நகர வேண்டும், திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்க வேண்டும். இதைவிட முக்கியமானது ஸ்கோப்பில் எதுவும் இல்லை என்பேன். வாங்கியதும் நீயே சோதித்துவிடு. 100 மீட்டரில் நெட்டையான ஒரு தாளைத் தொங்கவிடு. தூக்குநூல் வைத்து நேர்க்கோடு போடு. கீழே ஒரு புள்ளியில் சில தோட்டாக்கள். பிறகு 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் சில. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே 87.3 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு ஸ்கோப் என்றால் இன்னும் எளிது, 10 மில் சரியாக 1 மீட்டர். 2 சதவீதம் குறைவாக நகர்கிறது என்று தெரிந்தால் பெரிய சங்கடமில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்குப் போகிறதென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. கோட்டை விட்டுப் பக்கவாட்டில் போகிறதா என்பதையும் பார். அப்படிப் போனால், பெரும்பாலும் ஸ்கோப் தன்னைப் பிடித்திருக்கும் ரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 1000 மீட்டருக்கு நீ 10 மில் ஏற்றினால் அது 10 மீட்டர். அதில் 1 டிகிரி சாய்வு தோட்டாவை 17 சென்டிமீட்டர் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். மட்டக்குமிழ் ஒன்றைக் குழாயில் மாட்டாமல் சுடாதே.

கிளிக் அளவு எட்டில் ஒரு எம்.ஓ.ஏ. இருந்தால் நல்லது. 1000 கெஜத்தில் அது சுமார் 3.3 செ.மீ. நடுவில் உள்ள எக்ஸ் வளையம் 5 அங்குலம்தான் என்பதால், கால் எம்.ஓ.ஏ. கிளிக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். மில்லா எம்.ஓ.ஏ.வா என்று நீ கேட்டதற்கு என் பதில்: அட்டையின் வளையங்கள் எம்.ஓ.ஏ. கணக்கில் வரையப்பட்டவை, பக்கத்தில் படுத்திருப்பவனும் அதில்தான் பேசுவான். அதோடு விட்டுவிடலாம்.

மொத்த ஏற்ற அளவையும் பார். 100 கெஜத்தில் ஜீரோ வைத்த (குறிபார்த்த இடத்திலேயே படும்படி சரிசெய்த) 308, 1000-க்கு 35 முதல் 40 எம்.ஓ.ஏ. வரை கேட்கும். ஸ்கோப்பில் மொத்தம் 60 இருந்தால் நடுவிலிருந்து மேலே 30தான் மிச்சம். ஸ்கோப்பை ஏற்றிவைக்கும் பட்டை, அதாவது ரெயில், 20 எம்.ஓ.ஏ. சாய்வுள்ளதாகப் போட்டால் 50 ஆகிவிடும். உன் ரைபிளில் ஏற்கெனவே அந்த ரெயில் இருக்கிறது என்றுதான் நினைவு, பார்த்துக்கொள்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடான ரெட்டிக்கிள் பற்றி நிறையப் பேர் குழப்புவார்கள். மடங்கை மாற்றும்போது ரெட்டிக்கிளும் சேர்ந்து பெரிதாகிறதே, அது முதல் தளம். நேரத்துக்குள் பல தூரங்களில் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டிக்காரர்களுக்கு அது உயிர். நீ ஒரே தூரத்தில் ஒரே அட்டையைச் சுடப் போகிறாய். உனக்கு, மடங்கு மாறினாலும் ரெட்டிக்கிள் அப்படியே நிற்கும் இரண்டாம் தளம் போதும். 50 மடங்கிலும் கோடு முடிபோல் மெல்லியதாக நிற்கும், எக்ஸ் வளையத்தை மூடாது. காற்றுக்குப் பிடிப்பதை ரெட்டிக்கிளின் கோடுகளில் அல்ல, அட்டையின் வளையங்களில் பிடிக்கப் போகிறாய். அதனால் மடங்கு மாறினாலும் உன் கணக்கு மாறாது. நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும் எளிய ரெட்டிக்கிள் எடு. கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கிளை விரித்த ரெட்டிக்கிள்கள் நமக்கு வேண்டாம்.

தலை நகர்ந்தால் குறியின் மேல் ரெட்டிக்கிளும் நகர்வதுபோல் தெரிவதுதான் பாரலாக்ஸ். அதைச் சரிசெய்யும் குமிழியில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பாதே. முதலில் பின்லென்ஸைத் திருகி, வெறும் வானத்தைப் பார்த்தால் ரெட்டிக்கிள் உடனே கூர்மையாகத் தெரியும்படி வை. வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாகச் சரிசெய்து ஏமாற்றிவிடும். அதன்பின் குமிழியைத் திருகிக்கொண்டே தலையை லேசாக மேலும் கீழும் ஆட்டு. குறியின் மேல் ரெட்டிக்கிள் நகராத இடம்தான் சரியான இடம். படம் மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் இதுவும் சில ஸ்கோப்புகளில் ஒன்றாக இருக்காது. அப்படி என்றால் நகராத இடத்தையே எடுத்துக்கொள். மிகை மடங்கில் இந்தக் குமிழி மிகவும் நுணுக்கமாகிவிடும், அதனால் அது தடையின்றி மென்மையாகச் சுழல்கிறதா என்று கையில் எடுக்கும்போதே பார்.

எடையை மறந்துவிடாதே. எஃப்-டி.ஆரில் ரைபிள், ஸ்கோப், பைபாட் (இரண்டு கால் தாங்கி) எல்லாம் சேர்த்து 8.25 கிலோ வரைதான். 56 மி.மீ. முன்லென்ஸும் தடித்த குழாயும் உள்ள ஸ்கோப் 1 கிலோவை நெருங்கிவிடும். நைட்ஃபோர்ஸின் 15-55 போட்டி ஸ்கோப் 800 கிராமுக்குச் சற்றுக் கீழே இருப்பதால்தான் இந்தப் பிரிவில் அவ்வளவு பேரிடம் அதைப் பார்க்கிறோம். ஜப்பானின் மார்ச் ஸ்கோப்புகளும் அப்படியே, 60 மடங்கு கேட்பவர்களின் முதல் ஆசை. நிறப் பிசிறு இல்லாத நல்ல கண்ணாடி, நான் பார்த்தவரை கானலில்கூட விளிம்பு தெளிவாக நிற்கிறது. உன் ரைபிளின் குழல் கனமானது என்று எழுதியிருந்தாய். அந்தக் குழல் சூடேறினால் முன்லென்ஸுக்கு நேராகவே ஒரு கானல் எழும்பும், அதற்குக் குழல்மேல் ஒரு பட்டையை இழுத்துக் கட்டு.

இவ்வளவும் சொன்ன பிறகும் 60 மடங்குதான் வேண்டுமென்றால் வாங்கு, நான் தடுக்கவில்லை. நல்ல ஸ்கோப் என்றால் அதை 35-இல் வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சுடலாம். மேலே உள்ள மடங்குகள் அதிகாலைக்கும் மேகமூட்டத்துக்கும் இருக்கட்டும். ஒரே விலையில் ஒன்று 60 மடங்கு, கிளிக் பற்றி யாரும் பேசுவதில்லை; இன்னொன்று 42 மடங்கு, கிளிக் சுத்தம் என்றால், யோசிக்காமல் இரண்டாவதை எடு.

வாங்குவதற்கு முன் ரைபிளைப் பைபாட், ரெயில், ரிங்குகளோடு தராசில் வைத்து எடை பார்த்து எழுது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், எதெல்லாம் பொருந்தும் என்று நான் பட்டியலைக் குறைத்து அனுப்புகிறேன். கண் டாக்டரிடம் போனால் வலது கண்ணுக்கான புதுப் பவரையும் கேட்டு வை, சுடும்போது கண்ணாடி போட்டுக்கொள்வாயா இல்லையா என்பதையும் சொல். போடுவதாக இருந்தால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே 9 செ.மீ.யாவது இடம் தரும் மாடலாகப் பார்க்க வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்