மாசி அமாவாசைக்கு அபிஸ்கோ

மதுரை
ஆகஸ்ட் 20

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. சின்னவள் கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த நாளிலிருந்து வீடு காலியாகக் கிடக்கிறது, எனக்குக் கை எதிலும் ஓடவில்லை. அம்மா இப்போது தம்பி வீட்டில். வலது முழங்கால் அதே கதைதான், மாடி ஏறினால் முனகுகிறது.

பணி ஓய்வுக்கு அப்புறம் எங்காவது தூரமாகப் போகலாம் என்று எழுதியிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம். என் நாத்தனார் போனது போல எட்டு நாளில் ஐந்து நாடு வேண்டாம். ஐரோப்பாவில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், பஸ் ஜன்னலையும் தினமும் ஒரே சாம்பாரையும்தான் சொல்கிறாள். நாம் ஒரே ஊருக்குப் போவோம், ஐந்து ராத்திரி அங்கேயே இருப்போம். ஊர் பெயர் அபிஸ்கோ. ஸ்வீடனின் வட கோடி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி 200 கிலோமீட்டர்.

ஏன் அங்கே என்றால், வடதுருவ ஒளி, ராத்திரி வானத்தில் பச்சைத் திரை போல ஆடும் வெளிச்சம். அது எத்தனை பிரமாதமாக ஆடினாலும் மேகம் மூடினால் நமக்கு ஒன்றும் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு உங்கள் பாளையங்கோட்டைக்கு வெறும் காற்றை அனுப்புகிறதே, அதே சங்கதிதான் அங்கேயும். கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் நார்வே பக்கத்து மலைகள் பிடித்துக்கொள்கின்றன. அபிஸ்கோவில் வருஷத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான், மழையும் பனியும் சேர்த்து. அதனால் வானம் தெளிந்திருக்க மற்ற ஊர்களைவிட வாய்ப்பு அதிகம். ஆனாலும் நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஐந்து ராத்திரி. ஒரு ராத்திரிக்குப் போய்விட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் ஏராளம்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே இருக்கலாமா என்று கேட்பாய், தெரியும். ஆசைதான், ஆனால் வேண்டாம். டிசம்பர் பாதியில் சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பகல் என்பது நீல நிற அரையிருட்டுதான். மார்ச் தொடக்கத்தில் போனால் நல்ல வெயில், காலுக்கடியில் பனி, ராத்திரிக்கு வேண்டிய இருட்டு, மூன்றும் கிடைக்கும். பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாள் நெருங்கும் சமயத்தில், சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களான சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தோடு சுலபமாகப் பிணைந்துகொள்வதால் ஒளியும் கூடுதலாம். நிலா வெளிச்சம் இடைஞ்சல் செய்யக் கூடாது என்று தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். மாசி அமாவாசை சரியாக வந்து உட்கார்கிறது. உன் ஜெபத்தோடு என் அமாவாசையும் சேரட்டும்.

குளிரை நினைத்துத்தான் எனக்கும் பயம். பகலில் பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரி, ராத்திரியில் 15, 20 வரைகூட இறங்கலாம். 1986இல் விடுதியிலிருந்து ஊட்டிக்குப் போனோமே, புல்மேல் உறைபனியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டு வார்டனிடம் திட்டு வாங்கினாயே, நம் அனுபவம் அவ்வளவுதான். ஒன்று மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் ஆயுசு முழுக்கக் கொண்டாடிய பருத்தி அங்கே எதிரி. வியர்வையைக் குடித்து ஈரமாகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நின்றவுடன் உயிரை வாங்கும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத உடுப்பு. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும், இறுகினால் கால் சீக்கிரம் விறைத்துவிடும். போனையும் உள்சட்டைப் பையிலேயே வைக்க வேண்டுமாம், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடுகிறது.

இனி சாகசம். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் போகலாம். பூட்டும்போது ஊரைக் கூட்டுகிற மாதிரி ஊளையிடுமாம், ஓட ஆரம்பித்ததும் சத்தமே இருக்காதாம். நாம் உட்கார்ந்து வந்தால் போதும், முழங்காலுக்கு வேலை இல்லை. தோர்னெத்ரெஸ்க் என்று 70 கிலோமீட்டர் நீள ஏரி, 168 மீட்டர் ஆழம். மார்ச்சில் அதன்மேல் பனி வண்டியே ஓட்டுகிறார்கள், நடக்க நமக்கென்ன? நூலியா மலைக்குத் திறந்த நாற்காலியில் தொங்கிக்கொண்டு 900 மீட்டர் உயரம் வரை போகலாம், ராத்திரி ஒளி பார்க்க. என்னோடு பழனிக்கு வந்து ரோப் காரில் கண்ணை இறுக்கிக்கொண்டு சங்கீதம் சொன்ன ஆளை அதில் ஏற்ற மாட்டேன், நம்பு. ஏரிக்கரையில் நின்றாலே போதும்.

ஸ்டாக்ஹோமில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம் அபிஸ்கோ. வழியில் கிருனா என்ற சுரங்க ஊரிலிருந்து அந்தப் பக்கம் இருக்கும் பாதை, இரும்புத்தாதுவை நார்வே துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டு 1903இல் திறந்தது. திரும்பும்போது கிருனாவில் ஒரு நாள் இறங்கலாம், அது உனக்காக. சுரங்கம் தோண்டத் தோண்ட நிலம் இறங்கி, ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 1912இல் கட்டிய மரத் தேவாலயத்தை, 672 டன் எடையை, பிரிக்காமல் அப்படியே சக்கரத்தில் ஏற்றி 2025 ஆகஸ்டில் ஐந்து கிலோமீட்டர் உருட்டிப் போனார்கள். இரண்டு நாள் ஆயிற்று. நம் தேரை நிலைக்குக் கொண்டுவர எத்தனை பாடு!

விசா ஷெங்கன்தான், ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். உன் பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தால் செல்லாது, இன்றைக்கே பீரோவைத் திறந்து பார். ஒரு ஏஜென்டிடம் போய், அவர் முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் போனை எடுக்காமல் இருந்ததில் நான் பட்டது போதும். எல்லாம் நாமே செய்வோம், என் மகள் உட்கார்ந்து பதிவு செய்து தருகிறேன் என்றிருக்கிறாள்.

முழங்கால் டாக்டர் சம்மதித்துவிட்டார், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். நீயும் நட. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் பதில் எழுது. வேண்டாம் என்றாலும் எழுது, வந்து சண்டை போடுகிறேன்.

உன்
வள்ளி

பி.கு.: பாலில் செய்த எதையும், இறைச்சியையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். நெய், பால்கோவா எதுவும் கட்டாதே. மீனுக்குத் தடை இல்லையாம், கருவாட்டுக்கும்தான். அதற்காக ராத்திரி ரயிலில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாயானால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்வேன்.