சந்தானராஜ் பத்தி ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஓவியர் ஏ.பி.சந்தானராஜ் 1932ல திருவண்ணாமலைல பொறந்தவரு, அப்ப அது நம்ம வடஆற்காடுதான், சென்னை ஓவியக் கல்லூரில படிச்சு அங்கயே வாத்தியாராகி பிரின்சிபாலாவும் இருந்தவரு, அவரு போட்ட கோட்டுக்கே தனிப் பேரு. அவரு பேர நான் மொதல்ல கேட்டது எங்க டிராயிங் மாஸ்டர்கிட்டதான். வாட்டர்கலர், கடை போர்டு, ஸ்கூல் ஆண்டுமலருக்குப் படம்னு எல்லாம் செய்வாரு மாஸ்டர், சனிக்கிழமையானா வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயி யாளித் தூணப் பாத்து வரையச் சொல்வாரு, ரப்பர் மட்டும் கொண்டுவரக் கூடாது, தப்பான கோட்டுக்குப் பக்கத்துலயே சரியானதப் போடுங்கடான்னுவாரு. இப்ப என் பொண்ணு ஸ்கூல்ல டிராயிங் பீரியடையே கணக்குக்கு எடுத்துக்கறாங்க, மனசு ஆறல. சந்தானராஜ் படங்கள கலர்லயே போடுங்க ஐயா, பசங்க பாக்கட்டும்.

இப்படிக்கு,
வேலூர் வாசகர் ஒருத்தர்